ஓவியர் சுளுக்கும் ஓவர்சியர் மாணிக்கமும்

மாடிப்படி ஏறி வந்தவர் நேராக ஜன்னலோரம் போய் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெளிச்சம் முகத்தில் விழும்படி திரும்பி நின்றுகொண்டு, கையில் சுருட்டி வைத்திருந்த எங்கள் பத்திரிகையை விரித்துத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க சார். இது நான்தானே?"

பார்த்தேன். பத்திரிகையின் அட்டையில் ஒரு பருத்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார். வழுக்கைத் தலை, இரட்டை மோவாய், மடியில் குடை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். பக்கத்தில் நின்ற மனிதருக்கும் வழுக்கைத் தலை, இரட்டை மோவாய். மச்சமும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவர் பத்திரிகையை இறக்காமல், நான் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

அவர் பெயர் மாணிக்கம். திருச்சியில் குடிதண்ணீர்க் குழாய்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் ஓவர்சியர். எந்த அலுவலகம் என்று இத்தனை வருடம் கழித்து எழுதி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை.

வாசகர்கள் கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் ‘கொசுக்கடி’ என்ற எங்கள் நையாண்டி வாரப் பத்திரிகையைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன. ஓவியர் சுளுக்கு இப்போது எங்கே இருக்கிறார்? நலமா? இன்னும் வரைகிறாரா?

ஐம்பதுகளின் பிற்பகுதியில் திருச்சியில் வாழ்ந்தவர்களுக்குச் சுளுக்கைத் தெரியாமல் இருக்காது. அட்டைப் படத்தின் மூலையில் அந்தப் பெயர் கோணலாக இருக்கும். படத்தில் வருகிற மனிதர்களின் சட்டை மடிப்பையும் விரல் நகத்தையும் கூட எண்ணலாம். அப்படி நுணுக்கமாகக் கோடு போடுகிற ஆள் சென்னையில்கூட அப்போது இல்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதற்குப் பதில் சொல்ல நான் மரக்கட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு சாக்குக் கட்டைகள்

பத்திரிகை தொடங்குவதற்கு முன்னால் நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கோடைக்கு மின்விசிறி கேட்டு எல்லோர் சார்பிலும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதை மேனேஜர் நான்கு பேரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துச் சிரித்தார். விசிறி வரவில்லை. ஆனால் எனக்கு எழுத வரும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாதம் வேலையை விட்டேன். வீட்டில் நடந்த ரகளையை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன்.

கூட்டாளி ரத்தினம். என் வயதுதான். அச்சுக் கோப்பவர். கோப்பதோடு நிற்காமல், சுவரொட்டிக்கு வேண்டிய பெரிய எழுத்துகளை மரத்தில் செதுக்குவார். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சுருட்டுக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே புகையிலை வாசனை, மேலே மை வாசனை. இரண்டும் கலந்து எங்கள் பத்திரிகைக்கே ஒரு நெடி இருந்தது. அந்த நெடியால் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் பிடிபட்டுவிட்டதாக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார். "பஞ்சாங்கத்துக்குள் மறைத்து ஸேவித்து வந்தோம், பிராட்டியாருக்கு கந்தத்தால் விதிதமாயிற்று" என்று அவர் எழுதியதை அப்படியே பிரசுரித்தோம்.

நையாண்டிப் பத்திரிகைக்குப் படம் முக்கியம். எங்களுக்கு ஓவியர் இல்லை. படத்தை அச்சிட பிளாக் செய்து வாங்கவும் வசதி இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு பழைய ஆங்கில அச்சகத்தை மூடினார்கள். எந்திரங்களை யார் யாரோ கொண்டுபோனார்கள். மூலையில் இரண்டு சாக்கு நிறையச் சிறு மரக்கட்டைகள் கிடந்தன. வெந்நீர் போட ஆகும் என்று ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். ரத்தினம் ஒரு கட்டையை எடுத்துத் தூசியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் இரண்டு சாக்கையும் தூக்கித் தன் சைக்கிளில் வைத்துக் கட்டினார். பணம் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் செதுக்கிய படக்கட்டைகள். அங்கே நடந்த ஏதோ ஒரு கிண்டல் பத்திரிகையில் உபயோகித்துவிட்டுக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். மரம் தந்தம் மாதிரி வழவழப்பு. கோடுகள் தலைமுடியை விட மெல்லியவை. உயர்ந்த தொப்பி போட்ட துரைகள், கன்னத்து மயிரை இரண்டு பக்கமும் வளர்த்த துரைகள், தின்றுவிட்டுத் தூங்கும் துரைகள். கட்டையின் பின்பக்கத்தில் செதுக்கியவரின் பெயர் ஆங்கிலத்தில் குத்தியிருந்தது.

ரத்தினம் உளியை எடுத்தார். ஒரு துரையின் தொப்பியைச் செதுக்கி எடுத்தால் வழுக்கைத் தலை கிடைத்தது. தொப்பியின் அடிப்பாகத்தை மட்டும் விட்டுச் சுற்றிக் கோடு இழுத்தால் தலைப்பாகை ஆனது. கன்னத்து மயிரை மழித்தால் அவர் திருச்சிக்காரர் ஆகிவிட்டார். மந்திரி, மண்டி முதலாளி, வக்கீல், சங்கீத சபா காரியதரிசி என்று வாரம் ஒருவரைச் சீவி எடுத்தோம். கீழே வசனம் எழுதுவது நான். மூலையில் போடுவதற்கு ‘சுளுக்கு’ என்று ஒரு கையெழுத்தை ரத்தினம் தனியாகச் செதுக்கினார்.

ஆக, சுளுக்கு என்று ஒருவர் இல்லை. அன்றைக்கு இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

குழாயில் தண்ணீர் வந்தால்

அந்த வருடம் கோடையில் குழாய்கள் காற்றைத் துப்பின. காவிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது எங்கள் நையாண்டிக்குப் பெரிய விருந்தாகப் பட்டது. தூங்கும் துரை ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். ரத்தினம் தொப்பியையும் மயிரையும் எடுத்தார். "குழாயில் தண்ணீர் வந்தால் எழுப்பவும்" என்று நான் வசனம் எழுதினேன். இதழ் அச்சான அன்றே தீர்ந்தது. இரண்டாம் முறை அச்சிட்டோம்.

மச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கட்டையில் துரையின் கன்னத்தைப் பூச்சி அரித்து ஒரு துளை விழுந்திருந்தது. ரத்தினம் வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி அந்தத் துளையை அடைத்தார். கட்டையை ஈரத்துணியால் துடைத்ததில் குச்சி ஊறிக் கொஞ்சம் மேலே எழும்பிவிட்டது. மை அதில் ஒட்டிக் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. பார்த்தோம். அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

மாணிக்கம் ஜன்னலோரம் நின்றபடியே தன் நிலைமையைச் சொன்னார். மோட்டார் பழுதாகி நான்கு நாள் பம்ப் கொட்டகையிலேயே கிடந்து வேலை பார்த்தவர் அவர். தண்ணீர் வராததற்கு யார்மேல் பழி போடலாம் என்று தேடிக்கொண்டிருந்த மேலதிகாரிகளுக்குப் படம் கையில் கிடைத்துவிட்டது. "பத்திரிகைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, நீ தூங்கியிருக்கே" என்று கேட்கிறார்களாம். வேலை போய்விடும் போலிருக்கிறது என்றார்.

அந்த நிமிடமே கட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கல்லூரி மாணவர்கள் ஆண்டு விழாவுக்குச் சுளுக்கைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கூச்ச சுபாவி என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தப் புகழ் எனக்கு இனித்தது. ஒரு மறுப்பு வெளியிடுகிறேன், கவலைப்படாமல் போய் வாருங்கள் என்று மாணிக்கத்துக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர் சிரித்த மன்னிப்பு

அந்த மறுப்பை நான் மிகுந்த பொறுப்போடு எழுதினேன். ஒரு கிண்டல் சொல் கிடையாது. "சென்ற இதழ் அட்டைப்படம் எவரையும் குறிப்பதன்று. குறிப்பாக ஓவர்சியர் திரு. மாணிக்கம் அவர்களைக் குறிப்பதே அன்று. அன்னார் பணி நேரத்தில் உறங்குபவர் அல்லர் என்பதை உறுதியாகத் தெரிவித்து, நேர்ந்த மன வருத்தத்துக்கு மன்னிப்புக் கோருகிறோம்." கட்டம் கட்டி முதல் பக்கத்தில் போட்டோம்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

வருடக் கணக்கில் வாரம் தவறாமல் பொய்யாக மன்னிப்புக் கேட்டுச் சிரிக்க வைத்தவன் நான். மண்டி முதலாளி அரிசியில் கல் கலப்பதில்லை, கல்லில்தான் அரிசி கலக்கிறார் என்று மறுப்பு எழுதிய அதே கட்டம், அதே எழுத்து. இதை மட்டும் நிஜம் என்று எவன் நம்புவான்? டீக்கடைகளில் உரக்கப் படித்தார்கள். "அன்னார் உறங்குபவர் அல்லர்" என்பதைப் பையன்கள் பாட்டாகப் பாடினார்கள். நையாண்டிப் பத்திரிகை நடத்துகிறவன் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

மாணிக்கம் மறுபடி மாடியேறி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். சஸ்பெண்ட் உத்தரவு அவர் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை விசாரணை.

"முன்ன எங்க ஆபீஸ்ல மட்டும்தான் பேசிக்கிட்டாங்க சார். இப்ப பால்காரருக்கும் தெரியும்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நான் வெட்கத்தில் மேஜைமேல் இருந்த புரூப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் ரத்தினம் அந்தக் கட்டையை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். விசாரணைக்குக் கொண்டுபோவோம் என்றார். நான் மறுத்தேன். அதைக் காட்டினால் சுளுக்கு செத்துவிடுவான், அவனோடு பத்திரிகையும் போய்விடும் என்று வாதாடினேன்.

"செதுக்குன லண்டன்காரன் செத்து அறுபது வருசம் இருக்கும்ங்க" என்றார் ரத்தினம். "இவரு உசிரோட இருக்காரு."

என்ஜினியர் மேஜையில்

திங்கட்கிழமை காலை, மை டப்பா, உருளை, வெள்ளைத் தாள், குறடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நாங்கள் போய் நின்றோம். விசாரித்தவர் அந்த ஆபீஸின் என்ஜினியர். மாணிக்கம் சுவரோரம் நின்றிருந்தார். கதவுக்கு வெளியே குமாஸ்தாக்கள் வேலையில்லாமல் நடமாடினார்கள்.

ரத்தினம் அனுமதி வாங்கிக்கொண்டு மேஜைமேல் பழைய காகிதத்தை விரித்தார். கட்டையில் மை தடவித் தாளை வைத்து அழுத்தி எடுத்தார். தூங்கும் மனிதர் மச்சத்தோடு வந்தார். பிறகு குறடால் வேப்பங்குச்சியைப் பிடுங்கி என்ஜினியரின் கையிலேயே கொடுத்தார். மறுபடி ஓர் அச்சு எடுத்தார். மச்சம் இல்லை. தொப்பியைச் செதுக்கிய உளித் தடத்தைக் காட்டினார். கட்டையைத் திருப்பி லண்டன்காரரின் பெயரைக் காட்டினார்.

என்ஜினியர் இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சுளுக்குங்கிறது?"

அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னேன்.

அவர் முகம் வாடியதை நான் மறக்க மாட்டேன். இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி ஆகிவிட்டார். அவரும் எங்கள் வாசகர்தான். சுளுக்கின் படங்களை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாராம். பேனாவை எடுத்து சஸ்பெண்ட் உத்தரவை ரத்து செய்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாணிக்கத்தை மதியமே வேலைக்குப் போகச் சொன்னார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

இனி மறைப்பதில் பயனில்லை என்று அந்த வார இதழில் முழுக் கதையையும் எழுதினேன். லண்டன் கட்டை, தொப்பி, வேப்பங்குச்சி, எல்லாம். பத்திரிகை அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த நகைச்சுவைக் கட்டுரை என்றார்கள். ஸ்ரீரங்கத்துப் பஞ்சாங்க வாசகர், தம்மையே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் சுளுக்கு ஸ்வாமியின் நைச்சியம், அந்தப் பணிவு, மெய்சிலிர்க்க வைக்கிறது என்று எழுதினார். ஒருவரும் நம்பவில்லை. ‘கொசுக்கடி’ முன்னைவிட நன்றாக விற்றது. மாணிக்கத்தைப் பார்த்தால் மக்கள் முன்னைவிட நன்றாகச் சிரித்தார்கள்.

தென்னூர் வீட்டில்

பத்து நாள் கழித்து மாணிக்கம் மூன்றாம் முறை வந்தார். ஆபீஸில் இப்போது ஒரு குறையும் இல்லை என்றார். சங்கடம் மகளால். செல்வி, ஏழாவது படிக்கிறாள். வகுப்புக்குள் அவள் நுழைந்தால் பெண்கள் கண்ணை மூடிக் குறட்டை விடுகிறார்களாம். நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"ஆபீஸ்ல வந்து சொன்னீங்க. எம் பொண்ணுகிட்டயும் ஒரு தடவ வந்து சொல்லிடுங்க சார்."

அன்று மாலை நானும் ரத்தினமும் பையோடு தென்னூருக்குப் போனோம். செல்வி கூடத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். மச்சத்தோடு ஓர் அச்சு, மச்சம் இல்லாமல் ஓர் அச்சு. நான் என் பேச்சுத் திறமையெல்லாம் காட்டி விளக்கினேன். நான் முடித்ததும் கேட்டாள்.

"அப்பா மொத நாள் வந்து கேட்டப்ப நீங்க என்ன சார் செஞ்சீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சிரித்தேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க. கட்டைய எங்கிட்ட குடுங்க. நானே காட்டிக்கிறேன்."

எனக்குத் தயக்கமாக இருந்தது. அந்தத் தூங்கும் மனிதரை ஊர் அவ்வளவு ரசித்ததால், அடுத்த இதழுக்கும் அவரைத்தான் அட்டையில் போடுவதாக இருந்தோம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினம் கட்டையையும் குச்சியையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். மைப் பஞ்சில் கட்டையை ஒற்றி, ஒவ்வொருத்தியின் நோட்டிலும் குச்சியோடு ஒன்று, குச்சி இல்லாமல் ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் கூட ஒன்று கேட்டு வாங்கினாராம். நோட்டுகள் வீட்டுக்கு வீடு போயின. என் இரண்டு இதழ்கள் செய்யாத வேலையை ஓர் இடைவேளை செய்துவிட்டது. ஒரு வாரத்தில் குறட்டை நின்றது. இதை மாணிக்கம் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். அதையும் ஒளிப்பதற்கில்லை.

கட்டையை ஒரு துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்தாள். என் கருவிப் பெட்டியிலிருந்த கம்பியில் ஏதோ செய்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை என்றார் அவர். அவர் போனதும் ரத்தினம் துணியைப் பிரித்துப் பார்த்தார். மை தடவி ஓர் அச்சு எடுத்து என் முன்னால் வைத்தார்.

மெல்லிய செப்புக் கம்பியை இரண்டு வட்டமாக வளைத்து, தூங்குகிறவரின் மூக்கு நுனியில் வைத்து அடித்திருந்தாள். மூக்கு நுனியில் வட்டக் கண்ணாடி போடுகிறவன் அந்தக் காலத்தில் தெப்பக்குளம் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். மச்சத் துளையை மெழுகால் மூடியிருந்தாள். கூடவே நோட்டுத் தாளில் ஒரு துண்டு: "மன்னிப்புக் கேட்டுக் களைத்தவர்." கீழே, "செல்வி, ஏழாம் வகுப்பு."

"போடலாமா?" என்றார் ரத்தினம்.

போட்டோம். அட்டையில், அவள் வசனத்தோடு, மூலையில் சுளுக்கு இருந்த இடத்தில் அவள் பெயரோடு. எங்கள் பத்திரிகையில் இந்த ஊர்க்காரர் ஒருவரின் சொந்தப் பெயரோடு வந்த ஒரே அட்டைப்படம் அதுதான். ‘கொசுக்கடி’ வரலாற்றில் அவ்வளவு விற்ற இதழும் வேறில்லை. நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இதழ் வெளியான மறுநாள் காலை, ஆபீஸுக்குப் போக, நான் குடியிருந்த ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். யாரோ கண்ணை மூடிக் குறட்டை விட்டார்கள். பஸ் முழுவதும் சிரித்தது, கண்டக்டர் உட்பட. நானும் சேர்ந்து சிரித்தேன், எழுந்து நின்று கும்பிடு கூடப் போட்டேன். இரண்டாம் நாளும் சிரித்தேன். மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்காம் நாள் பஸ் ஏறவில்லை. காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தேன்.